மோட்டார் ஓடுகிறது

வெயில் ஏறியும் சின்னராசுவின் மோட்டாரிலிருந்து தகவல் வரவில்லை.

ஆண்டாள் லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சியில் மாடியில் ஒற்றை அறை. கணவன் துபாயில்.

போர்வெல் மோட்டார்களில் மாட்டும் கருவியைச் செய்கிற சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. மோட்டாரைப் போட்டாலும் நிறுத்தினாலும் கருவி ஒரு தகவல் அனுப்பும். அதை வாங்கிக்கொள்ளும் சர்வர் புரோகிராம் அவள் எழுதியது.

மலையடிவாரத்தில் சிக்னல் நிலையாக இருக்காது. அதனால் டேட்டாகிராம் முறையில் எழுதியிருந்தாள். கருவி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கும். சேர்ந்ததா என்று கேட்காது. சர்வரும் பதில் சொல்லாது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான்.

சின்னராசு அவளுடைய அப்பா.

அவள் விரும்பியவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பேச்சில்லை. கச்சிராயபாளையத்தில் அப்பா வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் இரண்டு முறை போய் நின்றாள். கதவு திறக்கவில்லை.

போன ஆடியில் யாரோ டீலரிடம் அவர் கருவி வாங்கியிருந்தார். திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தினமும் காலையில் அந்த மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். அப்பா எழுந்துவிட்டார், கழனிக்கு வந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் டீ போடுவாள்.

இன்று பக்கத்துக் கழனி மோட்டார்களிலிருந்தெல்லாம் தகவல் வந்துவிட்டது.

போனை எடுத்தாள். அப்பாவின் எண்ணைப் பார்த்தாள். வைத்துவிட்டாள்.

அப்போது வந்தது. மோட்டார் ஓடுகிறது. உடனேயே இன்னொன்று. மோட்டார் நின்றது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பாலை அடுப்பில் வைத்தபோது போன் அடித்தது. பக்கத்துக் கழனி பச்சமுத்து. பின்னால் வண்டி இரைச்சல்.

"பாப்பா, ஒங்கப்பாவுக்கு நெஞ்சு வலி. கள்ளக்குறிச்சிக்குத்தான் இட்டாந்துகினு இருக்கோம், ஆஸ்பத்திரிக்கு வந்துடு. கரும்பு வெட்டி மாசமாவுது, தண்ணி இன்னாத்துக்குன்னா கேக்கல. மோட்டாரப் போட்டு நிறுத்தினாதான் வண்டி ஏறுவேன்னுட்டாரு. மோட்டாருல மாட்டியிருக்குற அந்தப் பொட்டி ஒங்க கம்பெனிதாமே, டீலரு சொன்னானாம். அதான் தேடி வாங்கிக்கினு வந்தாரு."

இரைச்சலுக்குள்ளிருந்து இன்னொரு குரல், மெலிந்து போய்.

"வந்துச்சான்னு கேளு."

ஆண்டாள் அடுப்பை அணைத்தாள்.

"வந்துச்சுப்பா. தெனமும் வந்துச்சு."