மணல் பெட்டியில் ஒன்பதாவது

பந்தய ஒட்டகங்களின் முதுகில் அமர்ந்து சாட்டை வீசும் ரோபோக்களுக்கு எட்டு பேட்டரிகள். வெள்ளிக்கிழமைப் பந்தயம் முடிந்ததும் பேட்டரிகளைக் கவனிக்கும் பகீத், தீப்பிடிக்காமலிருக்க அவற்றின் சார்ஜைச் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டாக இறக்கி, மணல் நிரப்பிய இரும்புப் பெட்டியில் வைத்தான்.

சனிக்கிழமை காலையில் ஒன்பது இருந்தன. ஒன்பதாவதில், முன்பு இந்த வேலையைப் பார்த்த தாஹாவின் கோணல் எழுத்தில் எண் போட்டிருந்தது. போன வருடம் அதைக் கட்டிலில் வைத்துச் சார்ஜ் போட்டபடி தூங்கிவிட்டான் தாஹா. அவனும் பேட்டரியும் சேர்ந்தே கரிந்தார்கள்.

மீட்டர் 3.9 காட்டியது. சார்ஜ் இறங்கட்டும் என்று பகீத் அதை உப்புத் தண்ணீரில் அமுக்கிவைத்து, மாலையில் மணல்மேட்டில் புதைத்தான். ஞாயிறன்று பெட்டியில் ஈரமில்லாமல் கிடந்தது. 4.0. திங்களன்று 4.1.

"எழுதக் கத்துக்கிட்டவன் நீ, எண்ணக் கத்துக்கலையா?" என்றான், பகீத் சொன்னதைக் கேட்ட அறைத்தோழன், சமையல்காரன் கப்பாஷி.

"4.2க்கு மேல போனா அது தாங்காதுண்ணே, தீப்பிடிச்சுரும். கட்டில வெளிய போட்டுப் படுங்க."

"இந்தக் குளிர்லயா? தாஹா வந்து போர்வை குடுப்பானா?"

செவ்வாயன்று 4.2. பகீத் பெட்டியைப் பந்தயத் திடலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தான்.

புதன்கிழமை விடிந்ததும் போய்த் திறந்தான். எட்டுதான் இருந்தன. நிம்மதியாக அறைக்குத் திரும்பினான். கப்பாஷி இன்னும் எழவில்லை. அவன் கட்டிலுக்கு அடியில், சுவரில் செருகாத சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் ஒயர் ஒன்பதாவதில் மாட்டியிருந்தது. சார்ஜரின் திரையில் 4.3.