இவர் லேப்டாப்பில் மட்டும்

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் இவர், லேப்டாப்பில் வீடியோ காலில் வந்த ஒரு பெண்ணைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

இவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்தவள். இவர்கள் செய்த புரோகிராம் யார் மிஷினிலும் ஓடவில்லையாம். ஏதோ ஃபைல் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறதாம். இவருடையதில் மட்டும் ஜோராக ஓடுகிறது.

"இங்க ஓடுதேம்மா. அப்ப யார் மேல தப்பு?" என்றார்.

வெளியாள் யாரோ எழுதினதை நகலெடுத்துத் தங்கள் புரோகிராமுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்களாம், ரெடிமேட் சட்டை மாதிரி. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அவள் வைத்துவிட்டாள் என்பது இவர் கட்சி.

அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று மேனேஜர் அன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தது. இந்த நேரத்திலா ஒருத்தி இவ்வளவு அசட்டையாக இருப்பாள் என்று நானும் மனசுக்குள் திட்டினேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "சார், உங்க மிஷின்ல மொட்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்குல்ல? அதோட பேரை மாத்திட்டு ஓட்டிப் பாக்கறீங்களா?"

மொட்டு எங்கள் குழந்தையின் செல்லப் பேர். இவர் எதற்கும் அந்தப் பேரைத்தான் வைப்பார்.

சிரித்துக்கொண்டே மாற்றினார். புரோகிராம் நின்றுவிட்டது. திரையில் சிவப்பாக ஒரு வரி. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் படிக்க வராது. மொட்டு என்பது மட்டும் தெரிந்தது.

நகலில் கை வைத்தது இவர்தான். ஃபைல் இருக்கும் இடத்துக்கு வழி எழுதும்போது, தன் லேப்டாப்பில் இருக்கிற வழியையே எழுதி வைத்திருக்கிறார். மற்றவர்கள் மிஷினில் மொட்டு எங்கிருந்து வருவாள்?

"நேத்தே பாத்துட்டேன் சார். எல்லார் முன்னாடியும் வேணாம்னுதான் சொல்லலை. சரி பண்ணியும் வெச்சிட்டேன்."

இவர் மியூட்டைப் போட்டுவிட்டார்.

அதற்குள் மேனேஜர் வந்தார். காரில் போய்க்கொண்டிருந்தாராம், குரல் மட்டும்தான். சரியாகிவிட்டது என்று அவள் சொன்னதும், "முதல்ல யார் பண்ணின தப்பு இது?" என்றார்.

இவர் மியூட்டை எடுக்கக் கை நீட்டினார். தான்தான் என்று சொல்லிவிடப் போகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.



"நான்தான் சார்," என்றாள் அவள்.

அவளை நிரந்தரமாக்குவதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

இந்தப் பெண்ணுக்கு என்ன தலையெழுத்து என்று நிமிர்ந்தேன். கேமரா அணையவே இல்லை. திரை மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இவர் கை, அதை இறுக்கிப் பிடித்தபடி என் கை.

வெடுக்கென்று விட்டேன். மடித்த சட்டையையே எடுத்து மறுபடி மடித்தேன். இவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், அக்காகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

இவர் மியூட்டை எடுத்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். அவள் என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னால் நானே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"அக்கா..." என்று அவள் முந்திக்கொண்டாள்.