கொட்டாத சாமந்தி

"ஏன் கொட்டிக்க மாட்டேங்குது?" என்று பத்தாவது முறையாகக் கேட்டாள் ரெத்னோ.

இந்தோனேசியாவில், சுராபாயாவின் குறுகிய சந்தில், மீன்தொட்டி முன்னால் அவளும் கணவன் தர்சோனோவும் குந்தியிருந்தார்கள். உள்ளே மூன்று கடல்சாமந்திகள். பார்க்கத்தான் பூ, உண்மையில் மீன் தின்னும் பிராணி. அந்நியச் சாமந்தி உரசினால் கொட்டித் தீர்த்துவிடும். இவையோ கொஞ்சிக்கொண்டிருந்தன.

ஒன்று அவளுடையது. பக்கத்து வீட்டு ஐயா, பாக் குஃப்ரோன், பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதும் ஒன்றுதான். மூன்றாம் நாளே அது நகர்ந்துபோய், பம்ப் விசிறியில் சிக்கி இரண்டாகிவிட்டது. ரெத்னோ அழுதாள். தர்சோனோ பூதக்கண்ணாடியோடு துள்ளினான்.

"வாய் நடுவுலதானே இருக்கு? வெட்டு அது வழியாவே போயிருக்கு. ரெண்டு துண்டுலயும் பாதி வாய்! ஓரத்தைச் சுருட்டி ஒட்டிக்கும். ரெண்டும் முழுசாயிடும், பாரேன்!"

அப்படியே ஆனது. தழும்புகூட இல்லை.

"ஒண்ணைக் கொடுத்துட்டு ஒண்ணை வச்சுக்குவோம். அவருக்கு எப்படித் தெரியும்?" என்றான் இப்போது.

"சும்மா இரு! போன பெருநாளுக்கு நம்மளோடதை எவ்வளவு பத்திரமா பார்த்துக்கிட்டார்! அது மேல ஆசைப்பட்டுத்தானே, அதே இளஞ்சிவப்பு நுனி உள்ளதா தேடி வாங்கினார்? அவர்கிட்டயா திருட்டு?"

வாசலில் செருப்புச் சத்தம். அன்னாசி பிஸ்கட் டப்பாவோடு குஃப்ரோன் வந்தார். பெருநாளில் மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி கை குவித்தார்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை எல்லாம் மன்னிச்சிடு, நிங் ரெத்னோ," என்றார். 'நிங்' என்றால் தங்கச்சி.

அவ்வளவுதான், அவள் உடைந்துபோனாள். "நீங்கதான் மன்னிக்கணும், பாக்! உங்க சாமந்தியை பம்ப் வெட்டிடுச்சு. இப்ப ரெண்டு இருக்கு. ரெண்டையுமே எடுத்துக்குங்க!"

குஃப்ரோன் தொட்டியை உற்றுப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"மூணும் கொட்டிக்கலையா?"

"இல்லையே! அதுதான் எங்களுக்குப் புரியல."

அவர் டப்பாவை அவள் கையில் திணித்தார்.

"எப்படிக் கொட்டும், நிங்? போன வருஷம் உன்னோடதை என் வீட்டு பம்ப்பும் வெட்டிடுச்சு. ஒண்ணை உன்கிட்ட கொடுத்துட்டு, ஒண்ணை நான் வச்சுக்கிட்டேன். மூணும் ஒரே பிராணிதான். தன்னையே அது கொட்டிக்குமா?"