கை தூக்கியவர்கள்

எந்தப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பள்ளி நிதியை இனி பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி தருவது குறித்து, தலைமையாசிரியர்களான எங்களிடம் கருத்துக் கேட்ட கூட்டம் அது. மலைப்பள்ளியின் ஒரே ஆசிரியை கோமளவல்லி, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பள்ளியில் மொத்தமே இருந்த நான்கு பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தார்.

"சம்மதம்னா கையத் தூக்குங்க" என்றார் அதிகாரி. நாங்கள் தூக்கினோம். கோமளவல்லி தூக்கவில்லை, அவருடைய பிள்ளைகள் தூக்கினார்கள்.

"டீச்சர், உங்க ஸ்கூலே ஒத்துக்கிச்சே."

"இல்ல சார். எங்க ஸ்கூல்ல சந்தேகம் இருந்தாத்தான் கை தூக்குவாங்க."

"சரி, என்ன சந்தேகம் கண்ணு?"

"நான் ஆறாவது போயிட்டா ஸ்கூல மூடிருவீங்களா சார்?"

அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார்.

புது முறை வந்தது. மலைப்பள்ளி மூடப்பட்டது. கோமளவல்லியும் பிள்ளைகளும் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு வந்தார்கள். இப்போதும் கூட்டங்களில் நான் கை தூக்கினால், "என்ன சந்தேகம் சார்?" என்று பக்கத்திலிருந்து மெல்லக் கேட்கிறார் கோமளவல்லி.