நத்தைப் படத்தின் சாட்சி

விசாரணை அதிகாரி மஹ்மூத் மொட்டைக் கடிதத்தை என் மேசையில் விரித்து வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

‘பதினான்காம் திகதி செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அதிபர் பாடசாலையில் இல்லை. அவருடைய கதிரையில் பிள்ளைகளின் ஸ்வெட்டர்கள் குவிந்து கிடந்தன. இப்படிக்கு, நலன்விரும்பி.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்துநான்கு வருட சேவையில் ஒரு சிவப்புக் கோடு கிடையாது. ஓய்வு பெற ஐந்தே மாதம். வேலை நேரத்தில் ஊர் சுற்றினான் என்று எழுதிவிட்டால், எங்காவது கண்காணாத இடத்துக்குத் தூக்கி அடிப்பார்கள். பிரியாவிடை மாலைகூட மிஞ்சாது. பயமாகத்தான் இருந்தது.

அதுவும் ஸ்வெட்டராம், என் கதிரையில். பொய் சொல்கிறவன் கொஞ்சம் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

அந்தச் செவ்வாய்க்கிழமையே எனக்கு ஆகவில்லை. அன்று மாலை என் சட்டைக் காலரில் மெரூன் நிறக் கம்பளி நூல் ஒன்று ஒட்டியிருந்ததை என் மனைவி புஷ்பம் கண்டுபிடித்தாள். யாருடையது என்று கேட்டாள். சத்தியமாகத் தெரியவில்லை என்றேன். அன்றிலிருந்து சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை.

“அண்டைக்கு நீங்க இங்க இருந்ததுக்கு ஏதாச்சும் அத்தாட்சி ஈக்கா சேர்?” என்று கேட்டார் மஹ்மூத்.

அப்போதுதான் நத்தை ஞாபகம் வந்தது.

எங்கள் பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உயிர்ச்சுவடு, அதாவது மண்ணில் புதைந்து கல்லாகிப்போன பழைய உயிர், என்றால் என்னவென்று காட்ட, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியை கமலாசனி ஒரு வேலை தொடங்கியிருந்தார். களிமண்ணில் ஒரு கடல் நத்தை செய்வது. அதை ஒரு சோற்றுப் பருக்கை அளவு நகர்த்தி, போனில் ஒரு படம் எடுப்பது. மறுபடி நகர்த்தி, மறுபடி ஒரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் நத்தை தானாக ஊர்ந்து, செத்து, சேற்றில் மூடுண்டு, கல்லாகுமாம்.

“இந்த மலையில அதெல்லாம் கிடையாதே, அப்புறம் எதுக்கு டீச்சர்?” என்று கேட்டிருந்தேன்.

“இஞ்ச இல்லாதபடியாத்தான் சேர் செய்து காட்டுறம்.”

வாய்க்கு வாய். சரி, எதைச் செய்தாலும் என் கண் முன்னால் செய்யுங்கள் என்று உத்தரவு போட்டேன். என் அலுவலகம் மண்டபத்தின் கோடியில் இருக்கிறது. கதவு கிடையாது, அரைச்சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நத்தை மேசை, இந்தப் பக்கம் என் கதிரை, என் தலைக்கு மேலே கடிகாரம்.

பதினான்காம் திகதி காலை ஒன்பதரையிலிருந்து பாடசாலை விடும் ஒன்றரை வரை நானூற்று எண்பது படங்கள். ஒவ்வொன்றிலும் பின்னால் நான் இருந்தாக வேண்டும், மேலே நேரமும் இருந்தாக வேண்டும்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கமலாசனியையும் தரம் ஏழு பிள்ளைகளையும் கூப்பிட்டேன். படத்தைப் போடச் சொன்னேன்.

கமலாசனியின் முகம் வெளுத்தது. “அது இன்னும் முடியேல்ல சேர்...”

“இருக்கிற வரைக்கும் போடுங்க.”

நாற்பது செக்கன் படம்.

நத்தை ஊர்ந்தது. பின்னால் நான் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தில் பத்து மணி. மஹ்மூதைப் பெருமையாகப் பார்த்தேன்.

பத்தரைக்கு நத்தை செத்தது. என் தலையும் சரிந்தது. பதினொன்றுக்கு என் நெற்றி கோப்பின் மேல் இருந்தது.

பிரஷர் மாத்திரை மாற்றிய வாரம் அது. கண் அசந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

நத்தையின் மேல் ஒரு படை சேறு விழுந்தது. என் முதுகில் ஒரு நீல ஸ்வெட்டர் விழுந்தது. அடுத்த படை சேறு, அடுத்த ஸ்வெட்டர். வெளியே சாரல் போலிருக்கிறது. ஏழு நீலத்துக்குப் பிறகு எட்டாவதாக ஒரு மெரூன் ஸ்வெட்டர் என் தலையையும் மூடியது.

பன்னிரண்டு மணிக்கு அதிபர் என்று அங்கே ஒருவர் இல்லை. ஒரு குவியல் இருந்தது, அது ஏறி இறங்கியது.

அந்த நேரம் பார்த்து மண்டபத்தின் பக்கவாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் வீரசிங்கம், மகளுக்கு நற்சான்றிதழ் கேட்டு என்னிடம் நடையாய் நடந்துகொண்டிருக்கிறவர். குறுக்கே வர வேண்டாம் என்று ஒரு சின்னக் கை அவரை விரட்டியது. அடுத்த படத்தில் அவர் இல்லை. மொட்டைக் கடிதத்துக்கு முகம் கிடைத்துவிட்டது.

ஒன்றேகாலுக்கு ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்றரைக்கு நான் நிமிர்ந்து மறுபடி கோப்பைப் பார்த்தேன். நத்தை கல்லாகியிருந்தது.

“ஏன் மகள் சேரை மூடினீங்க?” என்று முன்னால் நின்ற சுந்தரியைக் கேட்டார் மஹ்மூத்.

“குளிர்ல நடுங்குனாரு சேர். டீச்சர்தான் சொன்னாங்க, அசையாம கெடக்குறத கலைக்கக் கூடாது, சீக்கிரமா மூடிப்புடணும்னு.”

“நான் நத்தையைச் சொன்னனான்,” என்றார் கமலாசனி, தரையைப் பார்த்தபடி.

அந்தச் சாரலில் ஏழு பிள்ளைகள் ஸ்வெட்டர் இல்லாமல் நின்று படம் எடுத்திருக்கிறார்கள்.  

மஹ்மூத் அறிக்கையை எழுதினார். எழுதும்போது அவருடைய தோள் குலுங்கியது. முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டினார்.

‘பதினான்காம் திகதி காலை முதல் பாடசாலை முடியும்வரை அதிபர் தமது கதிரையை விட்டு அசையவே இல்லை என்பது ஐயமின்றி நிரூபணமாகியுள்ளது.’

அவர் போனதும் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். கமலாசனி போனை எடுத்துக்கொண்டு திரும்பினார். அவர் போட்டிருந்த ஸ்வெட்டர் மெரூன் நிறம். கை விளிம்பில் நூல் பிரிந்திருந்தது.

“டீச்சர், அந்தப் படத்தை எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.”

“உங்களுக்கு என்னத்துக்கு சேர்?”

“வீட்டுலயும் ஒரு விசாரணை நடக்குது.”