எடை இடது பக்கம்

“தண்ணி மூட்டை வேண்டாம் சார். படகு மட்டும் போதும்.”

வந்திருந்த பெண்கள் இருவரில் மூத்தவள் சொன்னதைக் கேட்டு அவருக்குச் சிரிப்புதான் வந்தது. ஏரிக்கரையில் படகுக்கடை வைத்திருக்கும் அவரை ஊரே கேப்டன் என்றுதான் கூப்பிடும். முகத்தைப் பார்த்தே எந்தக் குடும்பத்துக்கு எந்தப் படகு என்று சொல்லிவிடுவார். படகு விஷயத்தில் அவரை அசைக்க ஆளில்லை என்று பெயர். அவருக்கும் அந்த எண்ணம் உண்டு.

“அம்மா, உங்க பொண்ணு சும்மா படகுல உட்கார்ந்து போகப் போறதில்ல. படகுக்குப் பின்னால எழும்புற அலையில பலகை மேல ஏறி நின்னு, பிடிச்ச கயித்தையும் விட்டுட்டு வரணும். படகு நல்லா அமுங்கினாதான் அந்த அலை வரும். லேசா ஓடினா நுரைதான் மிஞ்சும். இதைப் பாருங்க, இருபத்துநாலு அடி. சொந்தக் கனத்துலயே அமுங்கும்.”

மூத்தவளுடன் வந்த இளையவள் படகுக்குள் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “இவ்வளவு பெருசு வேணாம்க்கா. ஆளுக்கொரு மூலையில போய் உட்கார்ந்துக்குவாங்க.”

“சின்னதே கொடுங்க சார்,” என்றாள் மூத்தவள்.

“சின்னதுன்னா இருபது அடி. கனத்துக்கு நடுவுல ஒரு தண்ணித் தொட்டி இருக்கு, ஆனா அது பத்தாது. அலை எந்தப் பக்கம் வேணுமோ, அந்தப் பக்கத்துப் பின்மூலையில மூட்டையை வச்சு, ஏரித் தண்ணியையே பம்ப் போட்டு நிரப்பணும். பாப்பா, நீ எந்தக் காலை முன்னால வைப்பே?”

பலகைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். “இடது கால் அங்கிள்.”

“அப்ப இடது பக்கம் சாயணும்.”

“மூட்டைக்குப் பதிலா ஆளுங்க உட்கார்ந்தா?” என்று கேட்டாள் இளையவள்.

“உட்காரலாம். ஆனா ரெண்டு பேரும் நல்ல வாட்டசாட்டமான ஆளா இருக்கணும். பின்மூலையில தோளோட தோள் ஒட்டி உட்காரணும். ஒருத்தர் எழுந்தாலும் அலை படுத்துடும்.”

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நிச்சயமா படுத்துடுமா?” என்று கேட்டாள் மூத்தவள்.

“அடிச்சுச் சொல்றேன்.”

“அது போதும் சார். சின்னதையே எடுத்துக்கறோம்.”

கேப்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் கடையில் சின்னப் படகு எடுத்து, மூட்டை எடுக்காமல் போனவர் கிடையாது. “ஒரு மூட்டை சும்மாவே தர்றேன், வச்சுக்குங்க.”

“சும்மா கொடுத்தாலும் வேண்டாம். எங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேருமே நல்ல கனம். பாப்பா கூப்பிட்டா எங்க இருந்தாலும் ஓடி வருவாங்க.”

“வாங்க சித்தி, பலகை பார்க்கலாம்,” என்று மகள் இளையவளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அக்காவும் தங்கையும் கூடிப் பேசி வந்தபிறகு யார் பேச்சு எடுபடும் என்று கேப்டன் விட்டுவிட்டார். தண்ணீரில் இறங்கினால் தானே புரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். கணவன்மார் தனித்தனிக் காரில் வந்து இறங்கினார்கள்.

“வாங்க, சகலைங்க ரெண்டு பேரும் வாங்க!” என்றார் கேப்டன் கலகலப்பாக. இருவரும் சிரிக்கவில்லை. மகளின் அப்பா முன்பக்கம் வலதுகோடியில் உட்கார்ந்தார். மற்றவர் பின்பக்கம் இடதுகோடிக்குப் போய்க் கரையை வேடிக்கை பார்த்தார்.

மகள் பலகையோடு நீரில் இறங்கினாள். பெண்கள் இருவரும் பக்கத்தில் உட்கார, கேப்டன் படகைக் கிளப்பினார். எழுந்தாள், தடுமாறினாள், விழுந்தாள். மறுபடியும் எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். பின்னால் வந்த அலை முழங்கால் உயரம்கூட இல்லை.

கேப்டன் படகைத் திருப்பி அவளருகே நிறுத்தினார். “நான்தான் சொன்னேனே! கடையில மூட்டை இருக்கு. எடுத்துட்டு வந்துடலாமா?”

“வேண்டாம்!” பெண்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மகள் தண்ணீரிலிருந்து கத்தினாள். “அப்பா, நீங்களும் பின்னால வந்து உட்காருங்கப்பா! ப்ளீஸ்ப்பா!”

அப்பா நெளிந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் எழுந்து போய், இடது பக்கத்து இருக்கையின் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார்.

“இன்னும் தள்ளி! தோளோட தோள்!” என்று அதட்டினார் கேப்டன்.

தோள்கள் உரசின. படகு இடது பக்கம் சாய்ந்தது. வேகம் பிடித்ததும் பின்னால் அலை ஒன்று கண்ணாடிபோல் வழவழவென்று எழுந்து, இடுப்பு உயரத்தில் நின்றது. மகள் எழுந்தாள். முழங்காலை மடக்கி ஒரு கணம் நிதானித்தாள். கயிற்றை வீசிவிட்டாள்.

அப்பா இருப்புக்கொள்ளாமல் துள்ளினார். “நிக்கிறாடா! கயித்தை விட்டுட்டாடா!”

பக்கத்தில் இருந்தவர் இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். “உட்காருண்ணே! எழுந்தா அலை போயிடும்!”

உட்கார்ந்தார். பிடித்த கையை அவரும் எடுக்கவில்லை, இவரும் விலக்கவில்லை. மகள் அலை மேல் மிதந்து வந்துகொண்டே இருந்தாள்.

கேப்டன் வெற்றிக் களிப்போடு பெண்கள் பக்கம் திரும்பினார். இருவர் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“என்னம்மா இது, பாப்பா நின்னுட்டாளேன்னு அக்காவும் தங்கச்சியும் இப்படி அழறீங்க?”

“நாங்க அக்கா தங்கச்சி இல்ல சார், ஓரகத்திங்க,” என்றாள் இளையவள், கண்ணைத் துடைக்காமலே. “கூடப்பிறந்தவங்க அவங்க ரெண்டு பேரும்தான். எங்க மாமனார் செத்த அன்னிக்கு உறவை அறுத்துக்கிட்டுப் போனவங்க, இப்பதான் வாயைத் திறந்து பேசறாங்க.”