நல்ல காலுக்கு மீன்

குளத்து நாரை ஒன்றுக்கு இடது காலில் தீராத வாதம். பௌர்ணமிதோறும் அது பருந்துக்கு ஒரு விரால் மீன் கொடுத்துவந்தது. என்றைக்காவது நாரை விழுந்து கிடந்தால், நரி வாயில் சிக்குமுன் பருந்து தூக்கிப்போய்க் குளத்தின் நடுவிலிருக்கும் தீவில் விட வேண்டும் என்பது பேச்சு.

இந்தப் பௌர்ணமிக்குப் பருந்து புதுசாக ஒன்றைச் சொன்னது. "நீ நோயாளி. இனிமே ரெண்டு மீன் வேணும். ஆனா அந்த வாதக் காலால விழுந்தா நான் வர மாட்டேன்."

பக்கத்தில் மேய்ந்த நீர்க்கோழிக்குப் பொறுக்கவில்லை. "நோவு இருக்கிற காலுக்கே உதவாதவனுக்கு எதுக்கண்ணே மீனு? விட்டுத் தள்ளுங்க."

நாரை யோசித்தது. இத்தனை வருஷம் அந்தக் காலை வைத்துக்கொண்டு பிழைத்தது யார்? அதன் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"வாதக் காலை நானே பாத்துக்குவேன் தங்கச்சி. அது எப்ப வலிக்கும், எப்ப அடங்கும்னு இவனைவிட எனக்குத் தெரியும். மீன் அதுக்கில்ல, என்னைத் தாங்குற இந்த நல்ல காலுக்கு. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதானே?"

இரண்டு மீனைப் பருந்தின் முன் எறிந்துவிட்டு, வாதக் காலை இறகுக்குள் மடித்து நின்றது நாரை. கரையில் பதுங்கியிருந்த நரி, குளமெங்கும் ஒற்றைக்காலில் நின்ற நாரைகளை மாறி மாறிப் பார்த்தது. எது நொண்டி என்று அதற்குப் பிடிபடவே இல்லை.